ஆள்காட்டி விரலின் இரண்டாவது கயிறு

“கட்டை விரலைத் தூக்குங்க” என்றார் டாக்டர்.

தூக்கினேன்.

“தூக்குங்க.”

“தூக்கிட்டேன் சார்.”

“இல்லையே. அப்படியேதான் படுத்திருக்கு.”

எனக்கும் என் வலது கைக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். துணிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஒரு பலகையின் மேல் என் கை. ஊசி போட்டு மரத்துப் போகச் செய்திருந்தது வெட்டும் இடங்களை மட்டும்தான். நான் முழு விழிப்பில் இருந்தேன். குளிரூட்டிய அறை. ஸ்பிரிட் வாசனை. கிண்ணத்தில் சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் விழும் சத்தம். வலி இல்லை. என் சட்டைப் பைக்குள் யாரோ கைவிட்டுத் துழாவுவது போல மட்டும் இருந்தது.

“சரி, அதை விடுங்க. ஆள்காட்டி விரலால எதையாவது காட்டுங்க. மேல லைட் இருக்கு பாருங்க, அதைக் காட்டுங்க.”

நான் முகவாயைத் தூக்கி விளக்கைக் காட்டினேன்.

தலைமாட்டில் நின்ற நர்ஸம்மா குனிந்து பார்த்தார். “ஐயா, தலைய ஆட்டக் கூடாது.”

“டாக்டர்தாம்மா லைட்டக் காட்டச் சொன்னாரு.”

துணிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் கொட்டகையில் வேலை செய்யும் யாரைப் படுக்கவைத்துக் கேட்டிருந்தாலும் முகவாயால்தான் காட்டியிருப்பார்கள். அது ஏன் என்று சொல்ல, கும்மிடிப்பூண்டி வரைக்கும் போய் வர வேண்டும்.

விரல் நீட்டாத கொட்டகை

எங்கள் கொட்டகையில் கம்பி உருட்டும் ஆலை ஓடும் சத்தத்தைப் பற்றி இதே பகுதியில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாத்தியார், “அந்தச் சத்தத்துல எப்டிங்க பேசிக்குவீங்க?” என்று கேட்டார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கைதான் பேசும்.

கொட்டகையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே, கூரைக்குக் கீழே, ஓர் இரும்புப் பாலம். அது தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். பாலத்தின் மேல் டிராலி என்று ஒன்று இடமும் வலமுமாக ஓடும். டிராலியிலிருந்து கம்பிக் கயிற்றில் கொக்கி தொங்கும். இதெல்லாம் சேர்ந்ததுதான் கிரேன். பாலத்தோடு ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவன் மோசஸ். கீழே நின்று அவனுக்குக் கை காட்டுகிறவன் நான்.

முழங்கையை மடக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் மேலே நீட்டி, சின்னதாக வட்டம் போட்டால் ‘தூக்கு’. அதே விரல் கீழே பார்த்தால் ‘இறக்கு’. நான்கு விரல்களையும் மடக்கிக் கட்டை விரலை மட்டும் பக்கவாட்டில் நீட்டினால் ‘டிராலியை அந்தப் பக்கம் ஓட்டு’. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் ‘நிறுத்து’. இன்னும் சில உண்டு. ஆனால் நாள் முழுக்கத் தூக்குவதும் ஓட்டுவதும்தான். எனக்குச் சோறு போடுவது ஆள்காட்டி விரலும் கட்டை விரலும்.

ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள், சூளூர்ப்பேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் என்று எல்லாரும் எங்களோடு வேலை செய்கிறார்கள். இந்தப் பாஷை எல்லாருக்கும் தெரியும்.

இதனால் எங்கள் கொட்டகைக்குள் ஒரு பழக்கம். யாரும் சும்மாவுக்கு விரல் நீட்ட மாட்டோம். விரல் என்றால் உத்தரவு. குடிதண்ணீர் எங்கே என்று கேட்டால் முகவாயால் காட்டுவோம். ஆபீஸ் எந்தப் பக்கம் என்றாலும் முகவாய்தான். பேசும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வோம். இது வீட்டுக்கும் வந்துவிடும். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவர் எல்லாரையும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டச் சொன்னால், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

ஒரு தடவை சென்னையிலிருந்து கம்பி வாங்க ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். என்னைப் போலவே மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். கூரையில் ஒரு தகடு பெயர்ந்திருந்ததைப் பார்த்து, “அது என்ன?” என்று விரலை மேலே நீட்டினார். அவர் கூரையைக் காட்டினார். மோசஸ் கொக்கியைத் தூக்கிவிட்டான். நல்லவேளை, வெறும் கொக்கி. கீழே வந்த பிறகு மோசஸ் அவரிடம், “சார், நீங்க கேட்டீங்க, நான் தூக்கினேன். வேற இன்னா வோணும், சொல்லுங்க” என்றான். அவர் அதற்கப்புறம் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் போட்டவர், வண்டியில் ஏறும் வரைக்கும் எடுக்கவில்லை.

மோசஸ் ஆரம்பாக்கத்துப் பக்கம். வீட்டில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. சின்னவர், பெரியவர், எல்லாரும் அவனுக்கு நைனாதான். வாய் ஓயாத ஆள்.

நான் அப்படியே எதிர். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. படித்த காலத்திலும் விடை தெரிந்து ஒரு நாளும் கை தூக்கியதில்லை. இன்றைக்கும் ஒருவரைப் பார்த்து, கொஞ்சம் நகருங்கள் என்று வாயால் சொல்ல எனக்கு வராது. பஸ்ஸில் நான் இறங்கும் இடம் வந்தால் என் மனைவி மல்லிகாதான் குரல் கொடுப்பாள். ஆனால் கொட்டகைக்குள் ஒரு விரலை நீட்டினால் டன் கணக்கில் இரும்பு எழும்பி நிற்கும். அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது.

விழுந்த விரல்

ஒரு மழைக்காலம். வீடு இருக்கும் பொன்னேரியிலிருந்து வழக்கமாக வரும் ரயிலை விட்டுக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினேன். சேற்றில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு லேசாக விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். பிறகு பிரித்தார்கள். கை நன்றாகத்தான் இருந்தது. வேலைக்கும் வந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு காலை. சிப்காட் வளைவில் நாஷ்டா முடித்துவிட்டு நானும் மோசஸும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மணிக்கட்டுக்குள் ஏதோ அறுந்தது போல இருந்தது. வலி இல்லை. பூ கட்டும்போது நூல் அறுந்துபோகுமே, அவ்வளவுதான். டீயைக் குடித்து முடித்து கிளாஸைப் பலகையில் வைத்தேன். நான்கு விரல்கள் விலகின. கட்டை விரல் கிளாஸை விட்டு விலகவில்லை.

“இன்னா நைனா, கிளாஸ ஊட்டுக்கு எட்த்துக்கினு போறியா?”

“வெரலு வரல மோசஸ்.”

“வெரலு வரலியா? டப்பு குடுக்காம நழுவறதுக்கு இது ஒரு புது தினுசா கீதே.”

பிறகு அவனே என் கையைப் பிடித்து, கட்டை விரலைத் தூக்கிவிட்டான். அவன் விட்டதும் அது தலை கவிழ்ந்தது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

கைக்குள் ஒரு கிரேன்

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கை வைத்தியம் மட்டும் பார்க்கும் டாக்டர் ஒருவர். சின்ன வயசு. மல்லிகாவும் கூட வந்திருந்தாள். அவர் என் முன்னங்கையைத் திருப்பி வைத்து, பேனாவால் தோலின் மேலேயே கோடு போட்டு விளக்கினார். அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. கிரேனைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

விரலுக்குள் விரலை ஆட்டும் தசையே கிடையாதாம். மோட்டார் எல்லாம் மேலே, உள்ளங்கையிலும் முன்னங்கையிலும். விரலுக்கு வருவது கயிறு மட்டும். விரலை நீட்டும் கயிறுகள் மணிக்கட்டின் முதுகுப் பக்கத்தில் ஒரு பட்டைக்கு அடியில் புகுந்து, புறங்கை வழியாக விரலுக்குப் போகின்றன. அந்தப் பட்டை இல்லாவிட்டால் கயிறுகள் தோலைத் தூக்கிக்கொண்டு வில் மாதிரி எழும்பிவிடுமாம். மணிக்கட்டில் எலும்பு விரிந்த இடத்தில் என் கட்டை விரலின் கயிறு உரசி உரசித் தேய்ந்து அறுந்திருக்கிறது. நுனிகள் பிய்ந்துபோனதால் இழுத்து முடிச்சுப் போட முடியாது.

“அப்ப வேற கயிறு போடணுங்களா?” என்றாள் மல்லிகா.

“ஆமாம்மா. அது இவர் கையிலேயே இருக்கு.”

பிறகு என்னைப் பார்த்து, கையை மூடிக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தூக்கச் சொன்னார். நீங்களும் செய்து பார்க்கலாம். கையை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள். மற்றதை அசைக்காமல் மோதிர விரலை மட்டும் நீட்டுங்கள். தடுமாறும். நடு விரலும் அப்படித்தான். ஆள்காட்டி விரல் மட்டும் யாரையும் கேட்காமல் நேராக எழுந்து நிற்கும்.

காரணம் இதுதான். நான்கு விரல்களையும் நீட்ட ஒரு பெரிய தசை பொதுவாக இருக்கிறது. அது நான்காகப் பிரிந்து நான்கு கயிறு விடுகிறது. அதற்கு மேல், ஆள்காட்டி விரலுக்கென்று தனியாக ஒரு சின்னத் தசை உண்டு. சுண்டு விரலுக்கும் அப்படி ஒன்று உண்டாம். ஆள்காட்டியின் தசை இருப்பது அந்த விரலின் பக்கத்தில் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். முன்னங்கையில் சுண்டு விரல் பக்கத்து எலும்பின் முதுகில், மற்ற தசைகளுக்கெல்லாம் அடியில், ஒல்லியாகப் படுத்திருக்கிறது. அங்கிருந்து அதன் கயிறு சாய்வாக வந்து, பெரிய தசையின் கயிறுகளோடு அதே பட்டைக்குள் நுழைந்து, ஆள்காட்டி விரலின் முட்டியில் முதல் கயிற்றோடு ஒட்டிக்கொள்கிறது. இடது கை விரல்களை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, முன்னங்கையின் முதுகில் வைத்துக்கொண்டு வலது ஆள்காட்டி விரலை ஆட்டினால், உள்ளே ஏதோ புரள்வது தெரியும்.

எங்கள் கிரேனிலும் பெரிய கொக்கிக்குப் பக்கத்தில் சின்னக் கொக்கி ஒன்று உண்டு. நுணுக்கமான வேலை அதற்கு.

“ஆள்காட்டி விரலுக்கு ரெண்டு கயிறு இருக்கறதால, ஒண்ணை எடுத்துக் கட்டை விரல்ல தைச்சிடலாம்” என்றார் டாக்டர்.

கேட்க வேண்டும், வாய் வரவில்லை. மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள்.

“டாக்டர், இவுரு வாயத் தெறக்க மாட்டாரு, நான் கேக்கறேன். இவுரு கிரேனுக்குக் கை காட்றவரு. அந்த வெரலுதான் இவுரு பேசற வெரலு. அதுல கை வெச்சா அப்பறம் இவுருக்கு இன்னாங்க மிச்சம்?”

டாக்டர் சிரிக்கவில்லை. “ஆள்காட்டி விரல் எழும்பும்மா. பெரிய தசையோட கயிறு அப்படியே இருக்கும். ஆனா மூளைக்கு இது தெரியாது. அது பழைய நினைப்புலதான் கொஞ்ச நாள் ஆணை அனுப்பும். கட்டை விரலைத் தூக்கணும்னா, ஆள்காட்டியை நீட்டறதா இவர் நினைக்கணும். பழகிடும்.”

சோறு தின்ன, பட்டன் போட, இந்தக் கை எப்படியும் உதவும். எனக்குப் பயம் அதில் இல்லை. கொட்டகையில் என் இடத்துக்கு நான் திரும்பிப் போவேனா என்பதில்தான் பயம்.

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்

இப்போது ஆபரேஷன் மேஜைக்கு வந்துவிட்டோம். நான் முகவாயால் விளக்கைக் காட்டிவிட்டுப் படுத்திருக்கிறேன்.

கயிற்றை இடம் மாற்றித் தற்காலிகமாகத் தைத்தாகிவிட்டது. எவ்வளவு இழுத்துக் கட்டினால் விரல் சரியாக எழும்பும் என்று பார்த்துவிட்டுத்தான் இறுக்கித் தைக்க வேண்டும். அதற்காகத்தான் எனக்கு மயக்கம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். நான் விரலை அசைத்தால்தான் அவர்களுக்கு வேலை.

“நீங்க வேலையில கை காட்டுவீங்கன்னு அம்மா சொன்னாங்களே” என்றார் டாக்டர். “இப்ப நான் கிரேன் டிரைவர். தூக்கச் சொல்லுங்க.”

கண்ணை மூடிக்கொண்டேன். முன்னால் மோசஸின் கூண்டு. கீழே கம்பிக் கட்டு. சங்கிலி மாட்டியாயிற்று, ஆட்கள் விலகியாயிற்று. தூக்கு.

“ஆ!” என்றது துணிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

“பாருங்க” என்று டாக்டர் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினார். ரத்தம் பார்த்தால் பயப்படுவீர்களா என்று ஒருவர் கேட்டார். நான் பயப்படவில்லை. பல வாரமாகத் தலை கவிழ்ந்து கிடந்த என் கட்டை விரல், மெதுவாக, சாய்ந்தபடி, எழும்பி நின்றது. நான் சொன்னது ஆள்காட்டி விரலுக்கு. எழுந்தது கட்டை விரல். வகுப்பில் ஒருவன் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எழுந்திருப்பானே, அப்படி.

“இறக்குங்க... இப்ப மறுபடி தூக்குங்க... கொஞ்சம் தளர்வா இருக்கு, இன்னும் கொஞ்சம் இழுக்கறேன்... இப்ப?”

தூக்கினேன், இறக்கினேன். என் கையை நானே அளவு பார்த்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அந்த அறையில் நான் பேசியது குறைவு. ஆனால் எல்லாரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்த மாதிரிதான்.

மின்விசிறியைத் தூக்கிய கதை

கையைப் பலகை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். கட்டுப் பிரித்ததும் பயிற்சி. பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் அன்பாகப் பேசுவார். “ஆள்காட்டி விரலை நீட்டறதா நினைங்க, கட்டை விரல் வரும். அவசரப்படாதீங்க” என்பார்.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்துத் தூக்குச் சைகை காட்டிக்கொண்டே இருந்தேன். மல்லிகா சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

“இன்னாங்க, ஃபேன மேல தூக்கப் போறீங்களா? பாத்து, மாடி வீட்டுக்காரம்மா கால்ல இடிக்கப் போவுது.”

ஒரு நாள் சைகை காட்டாமலே, கட்டை விரலைத் தூக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அது வந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மாவுக் கையோடு வந்து பார்த்தாள். பிறகு என் கட்டை விரல் நகத்தில் ஒரு பொட்டு மாவு வைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் அது தனியாக வரவில்லை. ஆள்காட்டியும் கூடவே வந்தது. ஆள்காட்டியை நீட்டினால் கட்டை விரலும் வந்தது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய பொம்மைகள் போல எழுந்தன. அது பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. விரல் எழும்புகிறதே, அதுவே போதும் என்றிருந்தது.

இரண்டு பேச்சு பேசிய கை

டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். கொட்டகையில் எல்லாரும் சிரித்து வரவேற்றார்கள். நான் இல்லாதபோது என் இடத்தில் நின்று கை காட்டிய ஒடிசாக்காரர் பிரதாப், தானாகவே விலகி எனக்கு இடம் விட்டார்.

கம்பிக் கட்டு ஒன்று தயாராக இருந்தது. சங்கிலி மாட்டி, ஆட்களை விலக்கிவிட்டு, முழங்கையை மடக்கி ஆள்காட்டி விரலை நீட்டினேன். விரல் எழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது கம்பியை. கையைப் பார்க்கவில்லை.

கட்டு எழும்பியது. எழும்பிய கையோடு இடது பக்கமாக நகர்ந்தது. நீளக் கம்பிகளின் வால் வீசி, அடுக்கி வைத்திருந்த கட்டுகளின் முட்டுத் தூணில் மோதியது. அந்த ஆலைச் சத்தத்திலும் அது தனியாகக் கேட்டது. பிரதாப் ஓடி வந்து உள்ளங்கையை விரித்தார். கிரேன் நின்றது. கட்டு சங்கிலியில் ஊசலாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

மோசஸ் கம்பிக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, ஏணி வழியாகக் கீழே வந்தான். ஷிப்டு நடுவில் அவன் இறங்கி நான் பார்த்ததில்லை.

“இன்னா நைனா, சைடுல எதுக்குப் போவச் சொன்ன?”

“நான் சொல்லலியே.”

“சொன்ன. தூக்குன்னும் சொன்ன, அப்டிக்கா போன்னும் சொன்ன. ஒரு வெரலு மேல பாக்குது, ஒரு வெரலு சைடுல பாக்குது. உன் கை ரெண்டு பேச்சு பேசுது.”

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். இன்னும் அப்படியேதான் நீட்டிக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி மேலே. கட்டை விரல் இடது பக்கம்.

“இனிமே பாத்துக்கறேன் மோசஸ்.”

“நீ பாத்துக்குவ. கீய எவன் தலையாவது போச்சுன்னா, உன் வெரலயா வந்து புடிச்சிக்கினு போவாங்க? என்னத்தான்.” அவன் குரல் தணிந்தது. “தப்பா எட்த்துக்காத நைனா. உன் கை ஒரே பேச்சு பேசற வரிக்கும், உன் சிக்னலுக்கு நான் வண்டியத் தொட மாட்டேன்.”

தப்பாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அன்றைக்கு ரயிலில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

சூப்பர்வைசர் என்னைக் கம்பிக் கட்டுகளுக்கு அளவு எழுதிய தகடு மாட்டும் வேலையில் போட்டார். “இந்த மாசம் முடியட்டும், பாப்போம். சரியாவலன்னா பிரதாப்பே இருக்கட்டும். உங்களுக்கு இதுவும் நல்ல வேலதான்” என்றார். நல்ல வேலைதான். உட்கார்ந்தபடி செய்யலாம். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வாயாலும் சரி, கையாலும் சரி.

வெறும் கொக்கி

பயிற்சிப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நானே சொன்னேன், மல்லிகா அன்றைக்கு வரவில்லை. அவர் நான் காட்டிய இரண்டு சைகைகளையும் தானும் செய்து பார்த்தார். “இதுவரைக்கும் கட்டை விரலை எழுப்பறதுக்குப் பழகினோம். இனிமே ரெண்டையும் பிரிக்கப் பழகணும். அவ்வளவுதாங்க” என்றார். கட்டை விரலை மடக்கிய நடு விரலின் மேல் அழுத்திப் பூட்டிக்கொண்டு, பிறகு ஆள்காட்டியை மட்டும் நீட்ட வேண்டும். அடுத்தது, ஆள்காட்டியை மடக்கிப் பிடித்துக்கொண்டு கட்டை விரலை மட்டும் நீட்ட வேண்டும்.

சொல்வது சுலபம். கட்டை விரலை அடக்கினால் ஆள்காட்டி பாதியில் நடுங்கி நிற்கும். ஆள்காட்டியை அடக்கினால் கட்டை விரல் அசையவே அசையாது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம். உருளைகள் நின்று, கொட்டகை கொஞ்சம் அமைதியாக இருந்தது. நான் தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேலே கிரேனின் மணி அடித்தது. நிமிர்ந்தால் மோசஸ் கூண்டுக்குள் இருந்தான். எல்லாருக்கும் முன்னால் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஏறியிருக்கிறான்.

“வா நைனா!” என்று கத்தினான். “சொம்மா கீற கொக்கிதான். யாருக்கும் சேதாரம் இல்ல. காட்டு!”

போய் நின்றேன்.

“சந்தேகம் வந்தா மணி அடிப்பேன். அடிச்சா கைய எறக்கிட்டு மறுபடி காட்டு.”

காட்டினேன். மணி அடித்தது. மறுபடி காட்டினேன். மறுபடியும் மணி. அந்த மதியம் கொக்கி அசைந்ததைவிட மணி அடித்ததுதான் அதிகம். டிபன் பாக்ஸ் திறந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

“ரெண்டு பேரும் காத்தத் தூக்கறாங்கப்பா” என்றார் ஒருவர்.

“பூச நடக்குது, மணி அடிக்குது. சுண்டல் எப்போ?” என்றார் இன்னொருவர்.

மறுநாளும் மோசஸ் ஏறினான். அதற்கு மறுநாளும். முன்பெல்லாம் அவன் கண் சரக்கின் மேல்தான் இருக்கும். என் கை அவனுக்கு ஓரக்கண்ணில் பட்டால் போதும். இப்போது கூண்டிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, மீனில் முள் பார்ப்பது போல என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிப் பார்க்கப் பார்க்க எனக்குக் கூச்சம் வந்தது. கொட்டகையில் எனக்குக் கூச்சம் வந்தது அப்போதுதான்.

நாள் போகப் போக மணி குறைந்தது. கொக்கி எழும்பியது, நின்றது, இடம் போனது, வலம் போனது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பதை விட்டுச் சாப்பாட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். பிரதாப் மட்டும் தினமும் பக்கத்தில் வந்து நிற்பார். என் விரல் நேராக எழுந்தால் தலையை ஆட்டுவார்.

மாதம் முடியப் போகும் ஒரு காலையில், லாரியில் ஏற்ற வேண்டிய கட்டுகள் வரிசையாகக் கிடந்தன. மோசஸ் மேலே ஏறுவதற்கு முன்னால் சூப்பர்வைசரிடம் போனான்.

“சார், இன்னிக்கி நைனாவ நிக்க உடுங்க.”

“ஏதாவது ஆச்சுன்னா?”

“மேல ஒக்காந்துக்கினு கீறது நானு. அவுரு காட்றது புரியலன்னா வண்டிய நவுத்த மாட்டேன். போதுமா?”

பிரதாப் என் தோளைத் தட்டிவிட்டு, சங்கிலி மாட்டப் போனார்.

முதல் கட்டு. ஆட்கள் விலகினார்கள். முழங்கையை மடக்கினேன். கட்டு தரையை விட்டு எழும்பியது. சங்கிலி சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்தது. இறக்கச் சொன்னேன். பிரதாப் சரி செய்தார். மறுபடி தூக்கச் சொன்னேன். இப்போது சமமாக வந்தது. லாரி இருந்த பக்கம் டிராலியை ஓட்டச் சொன்னேன். லாரி டிரைவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். அதை மூடும் வரைக்கும் நிறுத்தினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். லாரியின் பலகைகள் முனகின. சங்கிலி தொய்ந்தது. அடுத்த கட்டு.

லாரி நிறைந்து கயிறு கட்டும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இவ்வளவு நேரமும் நான் விரலைப் பற்றி நினைக்கவே இல்லை. எதை நீட்ட எதை நினைக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மணிச் சத்தம் கேட்டதாகவும் ஞாபகம் இல்லை.

மோசஸ் ஏணியில் இறங்கி, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். நான் அவனுக்காகக் காத்திருந்தேன்.

“எப்டி இருந்துச்சு மோசஸ்?”

“இன்னா எப்டி இருந்துச்சு?”

“வெரலு.”

அவன் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தான்.

“வெரலா? நான் எங்க நைனா வெரலப் பாத்தேன்? கம்பியத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”